ஜாமுக்குப் பரிசு, படத்துக்கு இல்லை!

அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தில், கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூர். அங்கே ஒரு வருடம் விவசாயப் பொருட்காட்சி நடந்தது.

சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் தங்கள் வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் கொண்டு வந்து வைத்தார்கள். காய்கறிகள், பழங்கள், ரொட்டி, வெண்ணெய், துணித் தையல். எது சிறந்ததோ அதற்குப் பரிசு.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டியும் சில பொருள்களை அனுப்பினார். பதப்படுத்திப் புட்டியில் அடைத்த பழங்கள். சிவப்பு நிற ராஸ்ப்பெர்ரி ஜாம். அவற்றோடு, தாமே வரைந்த சில படங்கள்.

முடிவு வந்தது. பழத்துக்குப் பரிசு கிடைத்தது. ஜாமுக்கும் பரிசு கிடைத்தது.

படங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை!

மூதாட்டி இதற்காக வருத்தப்பட்டு உட்கார்ந்து விடவில்லை. படங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வேலையைப் பார்த்தார்.

அன்று யாரும் திரும்பிப் பார்க்காத படங்கள், பின்னால் லட்சக்கணக்கான டாலருக்கு விலை போயின. அவற்றைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வெகு தூரத்திலிருந்து வருகிறார்கள்.

யார் அந்த மூதாட்டி?

அவர் பெயர் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. "மோசஸ் பாட்டி" என்று சொன்னால்தான் தெரியும்.

மலையடிவாரத்துக் காட்சிசாலை

நியூயார்க் மாகாணத்தின் எல்லையைத் தாண்டினால் வெர்மான்ட் மாகாணம். அதன் தென்மேற்கு மூலையில் பென்னிங்டன் என்ற ஊர் இருக்கிறது. பச்சை மலைகள் என்று பெயர் பெற்ற மலைத்தொடரின் அடிவாரம்.

பெரிய நகரம் அல்ல. ஆனால் அந்த ஊரில் ஒரு நல்ல காட்சிசாலை இருக்கிறது. பழைய மாதாகோயில் ஒன்றைத் திருத்தி அமைத்து, 1928ல் திறந்தார்கள். அந்த வட்டாரத்து மக்கள் செய்த பொருள்கள், வட்டாரத்துச் சரித்திரம், வட்டாரத்துச் சித்திரங்கள் எல்லாம் அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

மோசஸ் பாட்டியின் படங்கள், பொதுமக்கள் பார்க்கக் கூடிய இடங்களில், இங்கேதான் மிக அதிகமாக இருக்கின்றன.

படங்களுக்கு முன்னால் நின்றால் முதலில் கண்ணில் படுவது கூட்டம்! ஒவ்வொரு படத்திலும் ஒரு கிராமமே நடமாடுகிறது.

இதோ, வெள்ளை வெளேர் என்று உறைபனி மூடிய வயல். சறுக்கு வண்டியைக் குதிரைகள் இழுத்துப் போகின்றன. சிறுவர்கள் பனியில் விழுந்து புரளுகிறார்கள். ஒருவர் விறகு சுமந்து போகிறார். தூரத்தில் ஒரு சிவப்புக் களஞ்சியம். அதற்கும் அப்பால் நீல மலை.

மனிதர்கள் விரல் உயரந்தான் இருப்பார்கள். முகம் சரியாகத் தெரியாது. ஆனால் யார் என்ன செய்கிறார் என்பது பளிச்சென்று தெரியும். நடுவிலே நிற்கும் ஒருவரை மட்டும் பெரிதாகக் காட்டும் வழக்கம் இல்லை. எல்லாருக்கும் வேலை உண்டு. எல்லாரும் சமம்.

படிப்பு வேண்டாம், விளக்கம் வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும். குழந்தைகள் படத்தருகே போய், "இதோ நாய்! இதோ வான்கோழி!" என்று காட்டுகிற மாதிரிப் படங்கள் அவை.

அவர் உட்கார்ந்து வரைந்த பழைய மேஜையும் இந்தக் காட்சிசாலையில் இருக்கிறது. அந்த மேஜையையும் அவர் சும்மா விடவில்லை. அதிலும் சித்திரம் தீட்டியிருக்கிறார்!

அவர் குடும்பத்தார் படித்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் ஒன்று ஈகிள் பிரிட்ஜ் கிராமத்தில் இருந்தது. அந்தக் கட்டடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து, 1972ல் இந்தக் காட்சிசாலையோடு சேர்த்து விட்டார்கள்.

12 வயதில் வேலைக்கு

மோசஸ் பாட்டி 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 7ந் தேதி, நியூயார்க் மாகாணத்தில் உள்ள கிரீன்விச் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் விவசாயி. வீட்டில் மொத்தம் பத்துப் பிள்ளைகள்.

தகப்பனாருக்குப் பிள்ளைகள் படம் வரைவது பிடிக்கும். வெள்ளைக் காகிதம் வாங்கிக் கொடுப்பார். மிட்டாய் வாங்கினால் ஒரு நாளில் தீர்ந்து விடும். காகிதம் வாங்கினால் நாலு நாள் பொழுது போகும்.

வர்ணம் வாங்கக் காசு இல்லை. அன்னா என்ன செய்தார் தெரியுமா? திராட்சைச் சாற்றைத் தொட்டு வர்ணம் தீட்டினார்!

அந்த விளையாட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. 12 வயதில், பக்கத்துப் பண்ணை வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். சமையல், துணி துவைத்தல், வீடு பெருக்குதல், தையல். இப்படி வெவ்வேறு வீடுகளில் 15 வருடம் உழைத்தார். பள்ளிப் படிப்பு கொஞ்சந்தான்.

வேலை செய்த ஒரு வீட்டில், சுவரில் மாட்டியிருந்த அச்சுப் படங்களை அவர் ஆசையோடு பார்ப்பது வழக்கம். அந்த வீட்டார் அதைக் கவனித்தார்கள். வர்ணக் குச்சிகள் வாங்கிக் கொடுத்தார்கள். வேலைக்காரச் சிறுமிக்கு அது பெரிய பரிசு.

ஆனால் வரைய நேரம்?

அதற்கு இன்னும் 60 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது!

ஐந்து சிறு கல்லறைகள்

1887ல் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. வயது 27. கணவர் தாமஸ் சாமன் மோசஸ். அவரும் பண்ணையில் கூலி வேலை செய்தவர்தான்.

புதுத் தம்பதிகள் தெற்கே பிழைக்கப் போனார்கள். வர்ஜீனியா மாகாணத்தில், ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். குத்தகைக்கு நிலம் எடுத்து உழைத்தார்கள்.

கணவரின் சம்பாத்தியத்தை மட்டும் நம்பி இருக்க அந்தப் பெண் விரும்பவில்லை. பசு வாங்கினார். வெண்ணெய் எடுத்து விற்றார். உருளைக்கிழங்கு வறுவல் செய்தும் விற்றார்.

பத்துப் பிள்ளைகள் பிறந்தன. அவற்றில் ஐந்துதான் பிழைத்தன. மற்ற ஐந்தும் கைக்குழந்தைகளாகவே மறைந்தன.

தாயின் துக்கத்தை என்ன சொல்வது! ஐந்து குழந்தைகளை அந்தப் பள்ளத்தாக்கு மண்ணிலே விட்டுவிட்டு, மீதி ஐந்து குழந்தைகளோடு, 1905ல் தம்பதிகள் சொந்தச் சீமைக்குத் திரும்பினார்கள். ஈகிள் பிரிட்ஜ் கிராமத்தில் ஒரு பண்ணையை வாங்கிக் கொண்டார்கள்.

காகிதம் தீர்ந்தது, படம் பிறந்தது

1918ல் ஒரு சிறு சம்பவம் நடந்தது.

வீட்டுக் கூடத்துச் சுவருக்கு அன்னா வர்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். கணப்பு அடுப்பை மூடும் பலகை ஒன்று பாக்கி. அதற்குள் காகிதம் தீர்ந்து விட்டது!

கடைக்கு ஓடவில்லை. வெறும் வெள்ளைத் தாளைப் பலகையில் ஒட்டினார். வீட்டிலிருந்த வர்ணத்தை எடுத்தார். மரங்களும் நீர்நிலையும் உள்ள ஒரு காட்சியை அதிலே தீட்டி விட்டார். குறை தீர்ந்தது.

அப்போது அவருக்கு வயது 58. அது ஒரு பெரிய ஆரம்பம் என்று அவருக்கே தெரியாது. அலங்காரம் முடிந்தது, அடுப்படிக்குப் போய் விட்டார்.

1927ல் கணவர் இறந்தார்.

1932ல் இன்னொரு சோதனை. பென்னிங்டனில் இருந்த மகளுக்குக் காசநோய். தாய் ஓடிப் போய் மகளுக்குப் பணிவிடை செய்தார்.

நோய்ப் படுக்கையிலிருந்த மகள், கம்பளி நூலால் பின்னிய படம் ஒன்றைத் தாயிடம் காட்டினாள்; அதேபோல் ஒன்று செய்து தரும்படி கேட்டாள். தாயும் செய்து கொடுத்தார். ஊசியும் நூலும் கொண்டு அவர் படங்கள் செய்ய ஆரம்பித்தது அப்படித்தான்.

மகள் பிழைக்கவில்லை. பாட்டி அந்த வீட்டிலேயே தங்கி, தாயற்ற பேரக் குழந்தைகளைக் கவனித்தார்.

இன்று எந்த ஊரில் அவர் படங்கள் பெருமையோடு மாட்டப்பட்டிருக்கின்றனவோ, அதே ஊரில்தான் இத்தனையும் நடந்தது.

ஊசி போய்த் தூரிகை வந்தது

வயது ஏறிற்று. கை மூட்டுகளில் வாத வலி. ஊசியைப் பிடிக்க முடியவில்லை.

"தூரிகை பிடிப்பது சுலபமாயிற்றே!" என்று யோசனை சொன்னவர் அவருடைய தங்கை. அவருக்கும் அது சரியென்று பட்டது. வலது கை வலித்தால் இடது கையால் வரைந்தார்.

இப்படி, எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, அவர் முழு மூச்சாகப் படம் வரையத் தொடங்கினார். சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாத வித்தை. அவ்வளவுதான் காரணம்!

வரைந்த படங்களை உறவினருக்குக் கொடுத்தார். சிலவற்றைப் பொருட்காட்சிக்கு அனுப்பினார். ஜாமுக்குப் பரிசு கிடைத்த கதை அந்தக் காலத்தில் நடந்ததுதான்.

மருந்துக் கடை ஜன்னல்

பக்கத்து ஊர் ஹூசிக் பால்ஸ். அங்கே ஒரு மருந்துக் கடை. உள்ளூர்ப் பெண்கள் செய்த கைவேலைப் பொருள்களை அந்தக் கடையில் விற்பனைக்கு வைக்கலாம். பாட்டியின் படங்களும் அங்கே போய்ச் சேர்ந்தன.

ஊரார் தினமும் அந்த வழியாகப் போனார்கள். மருந்து வாங்கினார்கள். படத்தை வாங்கவில்லை. தூசி படிந்ததுதான் மிச்சம்.

1938ஆம் வருடம், ஈஸ்டர் பண்டிகைச் சமயம். நியூயார்க் நகரத்துக்காரர் ஒருவர் அந்த ஊர் வழியாக வந்தார். பெயர் லூயி கால்டர். தொழிலில் என்ஜினீயர். பழைய பொருள்களும் சித்திரங்களும் சேகரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

ஜன்னலில் இருந்த படங்கள் அவர் கண்ணில் பட்டன. நின்றார். பார்த்தார். கடைக்குள் போனார்.

சின்னப் படம் 3 டாலர்; பெரிய படம் 5 டாலர். அங்கிருந்த எல்லாவற்றையும் வாங்கிக் கொண்டார். வரைந்தவரின் விலாசத்தையும் கேட்டுக் கொண்டு, நேரே அவர் வீட்டுக்குப் புறப்பட்டார்.

ஒன்பது பத்தான கதை

கால்டர் போனபோது பாட்டி வீட்டில் இல்லை. மருமகள்தான் இருந்தார்.

"இன்னும் படங்கள் இருக்கின்றனவா?" என்று கேட்டார் வந்தவர்.

"பத்துப் படம் இருக்கும். நாளைக்கு வாருங்கள்" என்று மருமகள் சொல்லி அனுப்பி விட்டார்.

பாட்டி வீடு திரும்பியதும் செய்தி தெரிந்தது. அன்று இரவு அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பத்துப் படம் எங்கே இருக்கிறது?

காலையில் எழுந்து தேடினார். ஒன்பதுதான் இருந்தது!

மருமகள் வாக்குக் கொடுத்து விட்டார். அந்த வாக்கு பொய்யாகலாமா? மருமகள் தலை குனியலாமா?

பாட்டி யோசித்தார். ஒன்பதில் ஒரு படம் பெரியது. அதை எடுத்தார். இரண்டாக வெட்டினார்! பழைய சட்டங்கள் இரண்டைத் தேடி எடுத்துத் தனித் தனியே பொருத்தினார்.

பத்துப் படம் தயார்!

பெரிய ஓவியர் எவரும் தம் படத்தை வெட்டச் சம்மதிக்க மாட்டார். பாட்டிக்கு அந்தக் கவலை இல்லை. படத்தைவிட மருமகளின் மானம் அவருக்குப் பெரிதாக இருந்தது.

"வயது என்ன?"

கால்டர் படங்களைச் சுமந்துகொண்டு நியூயார்க் நகரத்தின் சித்திரக் கடைகளில் ஏறி இறங்கினார்.

படம் நன்றாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். ஆனால், வரைந்தவரின் வயதைக் கேட்டதும் பின்வாங்கினார்கள்.

அதற்கு ஒரு வியாபாரக் கணக்கு உண்டு. புது ஓவியரின் பெயரை ஊருக்குத் தெரியப்படுத்தப் பணம் செலவாகும். அந்தப் பணம் திரும்பி வரப் பல வருடம் ஆகும். எண்பதை நெருங்கும் கிழவி இன்னும் எத்தனை நாள் வரையப் போகிறார்? இதுதான் அவர்கள் கணக்கு.

கணக்கு தப்பாகப் போயிற்று. பாட்டி அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் வரைந்தார்!

கால்டர் விடவில்லை. 1939ல் நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலையில், பெயர் தெரியாத ஓவியர்களின் படங்களை வைத்தார்கள். பாட்டியின் படங்கள் மூன்று அதில் இடம் பெற்றன. ஆனால் அது உறுப்பினர்களுக்கு மட்டும் நடந்த கண்காட்சி. ஊருக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஆட்டோ காலிர் என்பவர் கைகொடுத்தார். அவர் ஆஸ்திரியா நாட்டு யூதர். ஹிட்லரின் கொடுமையிலிருந்து தப்பி அமெரிக்காவுக்கு வந்தவர். நியூயார்க்கில் சித்திரசாலை ஒன்று நடத்தி வந்தார்.

1940ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவருடைய சித்திரசாலையில் பாட்டியின் படங்களுக்கென்று தனிக் கண்காட்சி நடந்தது. "ஒரு விவசாயி மனைவி வரைந்தவை" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பாட்டிக்கு அப்போது 80 வயது.

திறப்பு விழாவுக்குப் பாட்டி வந்தாரா?

வரவில்லை! அந்தப் படங்களைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே, எதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று இருந்து விட்டார்.

ஜாம் பற்றிப் பிரசங்கம்

அந்த ஆண்டு நவம்பரில், நியூயார்க்கில் உள்ள கிம்பல்ஸ் என்ற பெரிய ஜவுளிப் பல்பொருள் கடை, பாட்டியின் படங்களைத் தன் மாளிகையில் வைத்தது. நன்றி கூறும் பண்டிகைக் காலம். இந்தத் தடவை பாட்டியும் அழைக்கப்பட்டார், வந்தார்.

கறுப்புத் தொப்பி அணிந்த சிறிய உருவம். கையில் வீட்டுத் தயாரிப்புகள்.

ஓவியக் கலை பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று கூட்டம் காத்திருந்தது. பாட்டி பேசினார். எதைப் பற்றி? ஜாம் செய்வது எப்படி, பழத்தைப் பதப்படுத்துவது எப்படி என்பதைப் பற்றி!

கூட்டம் சொக்கிப் போயிற்று. பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். "மோசஸ் பாட்டி" என்ற பெயர் நாடெங்கும் பரவியது.

அவர் வேடிக்கைக்காக அப்படிப் பேசவில்லை. ஜாம் செய்வதும் வேலை. படம் வரைவதும் வேலை. இரண்டையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அவருக்குத் தெரிந்த சங்கதி அதுதான்.

எப்படி வரைந்தார்?

பாட்டியின் முறையே தனி.

மற்றவர்கள் படத்தை வரைந்துவிட்டுச் சட்டம் தேடுவார்கள். இவர் முதலில் சட்டத்தை எடுப்பார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையை அந்தச் சட்டத்துக்குத் தக்கபடி அறுப்பார். அதன் மேல் வெள்ளை வர்ணத்தை மூன்று தடவை பூசுவார். காய்ந்த பிறகுதான் படம்.

பலகையை நிறுத்தி வைத்து வரைய மாட்டார். மாவு பிசைகிறவர் போல, மேஜையில் கிடத்தி வைத்து வரைவார்.

மேலிருந்து கீழே வருவார். முதலில் வானம். பிறகு மலை. பிறகு மரம், வயல், வீடு. கடைசியாக மாடு, குதிரை, மனிதர்கள். கண், வாய் போன்ற சிறிய புள்ளிகளை வைக்கத் தீக்குச்சியும் குண்டூசியும் உதவும்!

பத்திரிகைகளில் வரும் படங்களை வெட்டிச் சேர்த்து வைத்திருப்பார். குதிரை எப்படி ஓடுகிறது, குழந்தை எப்படிக் குனிகிறது என்பதற்கு அவற்றை மாதிரியாக வைத்துக் கொள்வார். மலையும் வானமும் மட்டும் வேறு எங்கிருந்தும் வரவில்லை. அவர் வீட்டு வாசலிலிருந்தே வந்தன.

உறைபனிக் காட்சிகளில் ஜிகினாத் தூள் தூவுவார். "இது வேண்டாமே" என்று கலை தெரிந்தவர்கள் நினைத்தார்கள். பாட்டி கேட்கவில்லை. வெயில் படும்போது உறைபனி மின்னுவதை அவர் கண்ணாரக் கண்டவர் ஆயிற்றே!

மரத்தில் வடியும் சர்க்கரை

பாட்டி வரைந்த காட்சிகளில் மிகப் புகழ் பெற்றது, மேப்பிள் மரத்துச் சர்க்கரை காய்ச்சும் காட்சி.

குளிர்காலம் முடியும் சமயம் மேப்பிள் மரத்தில் துளை போட்டு, வாளியைத் தொங்க விடுவார்கள். தண்ணீர் போன்ற சாறு சொட்டும். பதநீரைக் காய்ச்சுவது போல அதைப் பெரிய கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். சுமார் 40 படி சாறு காய்ச்சினால் ஒரு படி பாகு கிடைக்கும்.

சூடான பாகை உறைபனி மேல் ஊற்றினால் உடனே மிட்டாய் போல் இறுகும். குழந்தைகள் சுற்றி நின்று எடுத்துத் தின்பார்கள்.

இந்தக் காட்சியை அவர் பல தடவை வரைந்திருக்கிறார். 1943ல் வரைந்த ஒரு படம், 2006ல் ஏலத்தில் 12 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. 3 டாலரும் 5 டாலரும் எங்கே, இது எங்கே!

எரிந்த வீடு எழுந்து நின்றது

கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு பழைய சத்திரம் இருந்தது. சுவரெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாக வர்ணம் அடித்திருக்கும். சதுரங்கப் பலகை போல் இருக்கும். பிரயாண வண்டிகளுக்கு அங்கே குதிரை மாற்றுவார்கள்.

1907ல் அந்த வீடு தீப்பிடித்து எரிந்து போயிற்று.

ஆனால் பாட்டியின் படங்களில் அது எரியவே இல்லை! வெயில் காலத்தில் நிற்கிறது. பனிக் காலத்தில் நிற்கிறது. வாசலில் வண்டிகள் வருகின்றன, போகின்றன.

ஒரே வீட்டை எப்படி விதவிதமாக வரைய முடிகிறது?

பாட்டிக்கு ஒரு உபாயம் இருந்தது. ஜன்னல் வழியாக அந்த வீட்டைப் பார்ப்பதாக மனத்தில் நினைத்துக் கொள்வார். தலையைச் சற்றே திருப்பினால் வேறு காட்சி. அவ்வளவுதான்!

ஜனாதிபதி வாசித்த பியானோ

புகழ் வந்தது. அவர் படம் போட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் 1946 முதல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

1949ல் தலைநகர் வாஷிங்டனில், பத்திரிகைத் துறைப் பெண்களின் சங்கம் அளித்த விருதை, ஜனாதிபதி ட்ரூமன் கையால் பாட்டி பெற்றுக் கொண்டார். ஜனாதிபதி தேநீர் விருந்துக்கும் அழைத்தார். அங்கே பாட்டி அவரைப் பியானோ வாசிக்கும்படி கேட்டார். ஜனாதிபதியும் தட்டாமல் வாசித்துக் காட்டினார்!

1952ல் அவருடைய சுயசரிதை வெளிவந்தது. பள்ளிக்கூடத்தில் கொஞ்சமே படித்தவர், 91 வயதில் புத்தகம் கொண்டு வந்தார். மறு வருடம் "டைம்" பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் வந்தது.

1960ல் அவருக்கு 100 வயது நிறைந்தது. அந்தப் பிறந்த நாளை "மோசஸ் பாட்டி தினம்" என்று நியூயார்க் கவர்னர் அறிவித்தார். பாட்டி அதற்குப் பிறகும் வரைந்தார். கடைசியாக முடித்த படத்தில் ஒரு வானவில் இருந்தது.

1961ஆம் ஆண்டு டிசம்பர் 13ந் தேதி, 101 வயதில், ஹூசிக் பால்ஸ் ஊரில் அவர் காலமானார். மருந்துக் கடை ஜன்னலில் அவர் படங்கள் தூசி படிந்து கிடந்த அதே ஊர்!

அவர் வரைந்த படங்கள் 1,500க்கு மேல்.

படத்தில் இல்லாதது

பென்னிங்டன் காட்சிசாலையில் படம் படமாகப் பார்த்து வருகிறவர்களுக்கு, கடைசியில் ஒரு விஷயம் தோன்றும்.

இந்தப் படங்களில் தந்திக் கம்பங்கள் இல்லை. டிராக்டர்கள் இல்லை. அவர் வரைந்த காலத்தில் இவை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அவர் அவற்றை உள்ளே விடவில்லை. தாம் சிறுமியாக இருந்த காலத்தையே வரைந்தார்.

இன்னொன்றும் இல்லை. துக்கம் இல்லை!

ஐந்து குழந்தைகளைப் பறிகொடுத்த தாய். கணவரை இழந்தவர். காசநோய்க்கு மகளைக் கொடுத்தவர். படத்தில் ஒரு கண்ணீர்த் துளி கூடக் காணோம். கல்யாணம் நடக்கிறது. துணி காற்றில் பறக்கிறது. வான்கோழியைப் பிள்ளைகள் துரத்துகிறார்கள். மேஜை நிறைய உணவு இருக்கிறது.

"வாழ்க்கை இவ்வளவு இனிப்பாகவா இருந்தது?" என்று சிலர் கேட்டார்கள். கலை விமர்சகர்களில் சிலருக்கு இது குறையாகவே பட்டது.

குறையாக இருக்கலாம். ஆனால் பாட்டிக்குத் துக்கம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்துதான் இப்படி வரைந்தார்.

எரிந்த வீட்டைத் திரும்பக் கட்ட முடியாது. போன பிள்ளைகளைத் திரும்பக் கொண்டு வர முடியாது. ஆனால் பலகையின் மேல் ஒரு வயலை விரிக்கலாம். அந்த வயலில் பிள்ளைகளை ஓட விடலாம். அங்கே அவர்களுக்குக் குளிராது, நோய் வராது, மாலையில் அழைத்தால் வீட்டுக்கு வந்து விடுவார்கள்.

அவர் படங்களில் எத்தனை குழந்தைகள் ஓடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் இது புரியும்.

பரிசு பெற்ற ஜாம் அந்த வருடமே தீர்ந்திருக்கும். பரிசு பெறாத படங்கள் சுவரில் இருக்கின்றன. இரண்டையும் செய்தது ஒரே கைதான். ஒன்றை ஊரார் சுவைத்தார்கள். மற்றொன்றை ஊரார் பார்க்காமல் போனார்கள். அந்த வழியே போன ஒருவர் நின்று பார்த்திராவிட்டால், அவை தூசியோடு தூசியாகப் போயிருக்கும்.

எல்லா வீட்டிலும் ஒரு பாட்டி உண்டு. பாட்டியின் பெட்டியில் ஏதோ ஒரு தையல் துணி, ஏதோ ஒரு பின்னல், ஏதோ ஒரு பொம்மை கிடக்கும்.

அதை எடுத்துக் காட்டச் சொல்லி, ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாமே!